யார் யாருக்குச் சொந்தம்? கெம்போங் முதல் புலி வரை மரபணு சொல்வது

பினாங்கின் சௌராஸ்தா சந்தையில் நான் மீன் வாங்குவது ஒரே கடையில்தான். கெம்போங் கேட்டால் கடைக்கார மாமா இரண்டு குவியலைக் காட்டுவார். "இது ஆண் கெம்போங், குழம்புக்குப் போடு. அது பெண், பொரிச்சுப் பாரு, அவ்வளவு ருசி" என்பார். மலாய்க்காரர்களும் அப்படித்தான் பிரித்துச் சொல்கிறார்கள். பல வருடமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அரைக் கிலோ 'ஆண்' வாங்கி வந்து, வீட்டில் கழுவும்போது வயிற்றைக் கீறினால், உள்ளே இரண்டு பக்கமும் மஞ்சளாய், விரல் நீளத்துக்கு முழுச் சினை.

மாமா பொய் சொல்லவில்லை. அவர் கண் சரியாகத்தான் பிரித்திருக்கிறது. பெயர்தான் வழி மாறிப் போயிருக்கிறது. அந்தக் குவியல்கள் இரண்டும் ஆணும் பெண்ணும் அல்ல, இரண்டு தனி இனங்கள். உடல் நீண்டு, பக்கத் துடுப்பை ஒட்டி ஒரு கரும்புள்ளி இருப்பது ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா. தமிழ்நாட்டில் அயிலை, கானாங்கெளுத்தி என்று சொல்வார்களே, அதுதான். ('கனகுர்த்தா' என்பதே விசாகப்பட்டினத்துக் கரையில் வழங்கிய பெயர், அதை அப்படியே அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.) உடல் குட்டையாக, வயிறு அகன்று இருப்பது ராஸ்ட்ரெல்லிகர் பிராக்கிசோமா. இது கரையோரத்தில், ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்த ஆழமில்லாத கடலில் திரியும். அயிலை அதைவிட வெளியே போகும். இனம் பெருகும் இடம் வேறு, வலையில் சிக்கும் இடமும் வேறு.

இறக்குதுறையில் இரண்டையும் 'கெம்போங்' என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று வருடா வருடம் குறைந்துகொண்டே வரலாம். இன்னொன்று கொஞ்சம் கூடினால் போதும், மொத்தக் கணக்கில் அந்த இழப்பு தெரியவே தெரியாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குள் ஒரே அரிசி இருக்கும்வரைதான்.

காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் மீன்வள நிர்வாகத்துக்கும் மரபணு ஆய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதற்கு முன்னால், எது எதோடு சேர்ந்தது, யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிய வேண்டும். நாம் எல்லைகளை வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். மீனும் புலியும் தங்கள் எல்லையை உடம்புக்குள் எழுதி வைத்திருக்கின்றன.

அந்த எழுத்தைப் படிப்பது முன்புபோல் பெரிய காரியம் இல்லை. மனிதனின் முழு மரபணுத்தொகுதியை முதன்முதலில் படிக்க, 1990 தொடங்கி 2003 வரை, பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து உழைத்தன. இன்று அதே வேலையை ஓர் ஆய்வகம் சில நாளில் முடித்துவிடும். அதே 2003-ல் கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் ஓர் எளிய வழியை முன்வைத்தார். முழுவதையும் படிக்க வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபணுவிலிருந்து சுமார் 650 எழுத்துகளைப் படித்தால் போதும், பெரும்பாலான விலங்குகளின் இனம் தெரிந்துவிடும். கடையில் பொருளின் மேல் இருக்கும் பட்டைக்கோடு போல என்பதால் டிஎன்ஏ பார்கோடு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கெம்போங்குக்கு இதற்குத் தேவை துடுப்பின் நுனியில் நகத்தளவு ஒரு துண்டு. அதை எத்தனால் என்னும் சாராயத்தில் போட்டு, குப்பியில் தேதியும் இடமும் எழுதி வைத்தால் போதும். மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடவும் தடை இல்லை.

ஆனால் இனம் எது என்று தெரிவது முதல் படிதான். ஒரே இனத்துக்குள் எத்தனை கூட்டம் என்பதுதான் கடினமான கேள்வி.

பினாங்குக்கு மேற்கே இருக்கும் கடலைத் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் பங்குபோட்டிருக்கின்றன. அயிலையிடம் கடப்பிதழ் கேட்க முடியாது. நம் பக்கத்தில் சினைப் பருவத்தில் சுருக்குமடி வலையை நிறுத்திவைத்தாலும், அதே கூட்டம் எதிர்க்கரையில் பிடிபட்டால் நிறுத்தியதால் என்ன பயன்? நம் அயிலை தனிக் கூட்டமாக இருந்தால் நாமே அதைக் காப்பாற்றலாம். ஒரே கூட்டமாக இருந்தால் மூன்று நாடுகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாய்வழியாக மட்டும் வரும் ஒரு மரபணுவை வைத்துப் பார்த்ததில், தூரத் தூரக் கடல்களில் பிடித்த அயிலைகளுக்கிடையிலும் உறவு நெருக்கமாக இருந்தது. அதாவது, இந்த மீன் நம் எல்லைக்குள் அடங்கி நிற்கும் மீன் அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மரபணுவைப் படிப்பது குடும்பப் படத்தில் பாட்டியின் முகத்தை மட்டும் பார்ப்பது போல. பழைய உறவு தெரியும். நேற்று நடந்த பிரிவு தெரியாது. முழு மரபணுத்தொகுதியைப் படித்தபோது, ஒன்று என்று நினைத்த கூட்டம் இரண்டாகப் பிரிந்த கதை மீன் உலகில் பலமுறை நடந்திருக்கிறது. நம் கெம்போங்குக்கு அந்த முழு வாசிப்பு அவசியம் என்பது என் உறுதியான கருத்து. ஏழை வீட்டிலும் வாரம் இரண்டு நாள் தட்டில் விழும் மீன் அது.

படித்து என்ன செய்வது என்று கேட்டால், நார்வேயைக் காட்டலாம். அங்கே லோஃபோட்டன் தீவுகளை ஒட்டிக் குளிர்காலக் கடைசியில் இரண்டு வகைக் காட் மீன்கள் முட்டையிடக் கூடுகின்றன. ஒன்று பேரன்ட்ஸ் கடலிலிருந்து பெருங்கூட்டமாக வலசை வருவது. இன்னொன்று கரையோரத்திலேயே வாழ்வது. எண்ணிக்கை குறைவு, நிலைமையும் மோசம். வலைக்குள் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2009 முதல் அங்கே ஒரு வழக்கம் வந்தது. பிடித்த மீன்களிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பான்-ஒன் என்ற ஒரு மரபணு இரண்டு கூட்டத்திலும் வேறு வேறு வடிவில் இருப்பதால், எந்தக் கூட்டம் எத்தனை பங்கு என்று ஒரு நாளுக்குள் விடை வந்துவிடுகிறது. வலசை மீன் மிகுதியாக இருந்தால் பெரிய படகுகளுக்குக் கடல் திறக்கும். கரைமீன் கலந்திருந்தால் திறக்காது. வானிலை அறிக்கையைப் போல மரபணு அறிக்கையைப் பார்த்து நடக்கும் மீன்பிடி அது.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு வழி. நம் அடையாள அட்டையில் பெயருக்குப் பிறகு ஏ/எல், ஏ/பி என்று போட்டு அப்பா பெயர் எழுதியிருக்குமே, அதை மீனிடம் படிப்பது போன்றது அது.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். ஓர் ஊரில் பெற்றோர் எத்தனை பேர் என்று தெரியவில்லை என்று வையுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 100 பிள்ளைகளையும், சந்தையிலிருந்து 100 பெரியவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குகிறோம். ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு பெரியவரோடும் ஒப்பிட்டால் 10,000 ஒப்பீடு. ஊரில் 1,000 பெற்றோர்தான் என்றால், ஒரு பிள்ளைக்கு அம்மா, அப்பா என இருவர் உண்டு என்பதால், சுமார் 20 பெற்றோர்-பிள்ளை ஜோடிகள் கிடைக்கும். ஊரில் 10,000 பெற்றோர் என்றால் சுமார் 2 ஜோடிதான். ஊர் பெரிதாகப் பெரிதாகச் சொந்தம் தட்டுப்படுவது குறையும். இதைத் திருப்பிப் போடுங்கள்: எத்தனை ஜோடி கிடைத்தது என்பதிலிருந்து ஊரின் அளவு தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ தெற்கு நீலத்துடுப்புச் சூரைக்கு இதைத்தான் செய்தது. வளர்ந்த மீன்களின் தசைத்துண்டு பாலித் தீவின் பெனோவா துறைமுகத்திலிருந்து வந்தது; முட்டையிட ஜாவாவுக்குத் தெற்கே வரும் சூரை இந்தோனேசியப் படகுகளில் அங்கே இறங்குகிறது. குஞ்சுகளின் துண்டு தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனிலிருந்து. சுமார் 14,000 மீன்களைப் படித்ததில் கிடைத்தவை 45 பெற்றோர்-பிள்ளை ஜோடிகள். அந்த 45-ஐ வைத்து, கடலில் முட்டையிடும் சூரை எத்தனை என்று கணக்கிட்டார்கள். முன்பு நினைத்திருந்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. முடிவு 2016-ல் வெளியானது. இந்த வகைக் கணக்கு இப்போது அந்த மீனுக்கான பிடி ஒதுக்கீட்டை முடிவு செய்வதில் சேர்ந்துவிட்டது. இதில் ஒரு முக்கியமான நன்மை இருக்கிறது. படகுக்காரர் பிடித்ததை ஒழுங்காகக் கணக்கில் எழுதினாரா என்பதை இந்த முறை நம்பியிருக்கவில்லை. ஏட்டில் எழுதும்போது மாற்றலாம். உறவை மாற்ற முடியாது.

கோடிக்கணக்கில் இருக்கும் கெம்போங்குக்கு இது ஒத்துவராது. அத்தனை பெரிய ஊரில் அப்பனும் பிள்ளையும் வலையில் ஒன்றாகச் சிக்குவது எப்போது? ஆனால் சுறாவுக்குப் பொருந்தும். சுறா கொஞ்சமாகத்தான் குட்டி போடும், மெதுவாக வளரும். 2018-ல் அதே ஆஸ்திரேலியர்கள் வெள்ளைச் சுறாவுக்கு இதைச் செய்தபோது, வளர்ந்த சுறா ஒன்றைக்கூடப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இளஞ்சுறாக்களில் எவை ஒரே தாய்க்கோ ஒரே தந்தைக்கோ பிறந்தவை என்று பார்த்தே, கிழக்குக் கரைக் கூட்டத்தில் வளர்ந்தவை சுமார் 750 என்று சொன்னார்கள்.

சுறா என்றதும் எனக்கு அக்காவின் பிரசவம் நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று அம்மா நாற்பது நாளும் பால் சுறா புட்டு செய்து போட்டார். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துக் கிண்டும் அந்த வாசனை இன்னும் மறக்கவில்லை. இங்கே தமிழ் வீடுகளில் அது மருந்து. அந்தப் பால் சுறா உட்பட்ட சுறாக் குடும்பம் முழுவதையும் 2022-ல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தம்) மாநாடு இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. பன்னாட்டு வணிகத்துக்கு மட்டும் உள்ள கட்டுப்பாடு அது. நம் சந்தையில் வாங்குவதைத் தடுக்காது. ஆனால் நாட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டுமானால், இந்தப் பிடிப்பு இனத்துக்குக் கேடு செய்யாது என்று அரசு காட்ட வேண்டும். அதைக் காட்டக் கூட்டத்தின் அளவு தெரிய வேண்டும். மலேசியச் சட்டமும் 2019-ல் பெரிய கொம்பன் சுறா, ஆனைத்திருக்கை போன்றவற்றைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது. கடற்கரையில் முழுசாகக் கிடந்தால் கொம்பனின் தலையே சொல்லிவிடும். தலையும் துடுப்பும் போய், தோலுரித்து, பனிக்கட்டிமேல் துண்டுகளாக இருக்கும்போது எந்த அதிகாரியாலும் கண்ணால் சொல்ல முடியாது. அப்போது அந்த 650 எழுத்துகள்தான் சாட்சி.

சாட்சி என்றால் தந்தத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் கிள்ளான் துறைமுகத்தில் மரக்கட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வந்த 6 டன் ஆனைத் தந்தத்தைச் சுங்கத்துறை பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சரக்கு. இப்படிப் பிடிபட்ட தந்தங்களை அமெரிக்க ஆய்வாளர் சாமுவேல் வாஸர் பல வருடமாகப் படித்துவருகிறார். ஆப்பிரிக்கக் காடுகளில் திரட்டிய ஆனை லத்தியின் டிஎன்ஏ-வோடு ஒப்பிட்டு, ஆனை எந்த வட்டாரத்தில் கொல்லப்பட்டது என்று சொல்வார். அதே 2022-ல் அவர் குழு, 49 பறிமுதல்களிலிருந்து எடுத்த 4,320 தந்தங்களில் சொந்தங்களைத் தேடியது. தாயின் தந்தம் ஒரு சரக்குப் பெட்டியில், பிள்ளையின் தந்தம் வேறொரு துறைமுகத்தில் வேறொரு பெட்டியில் என்று கிடைத்தது. வெவ்வேறு வழக்குகள் என்று நினைத்தவற்றின் பின்னால் ஒரே கும்பல்கள் இருந்தது இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

இனி புலி. மலேசியாவின் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன; காட்டில் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. 2004 வரை நம் புலியை இந்தோசீனப் புலி என்றே சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு டிஎன்ஏ வேறுபாட்டை வைத்துத்தான் மலாயாப் புலி தனி உள்ளினமாயிற்று. 2017-ல் ஐயூசிஎன் என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனையினக் குழு, ஆசியப் பெருநிலத்துப் புலிகள் எல்லாம் ஒன்று, சுமத்ரா, ஜாவா போன்ற சுந்தாத் தீவுகளின் புலிகள் ஒன்று என்று இரண்டாகச் சுருக்கியது. அடுத்த ஆண்டே 32 புலிகளின் முழு மரபணுத்தொகுதியைப் படித்த ஆய்வு, இல்லை, பிரிவு ஆறுதான் என்றது.

ஏட்டுச் சண்டை போலத் தெரியும். ஆனால் எண்ணிக்கை 150-க்குக் கீழே போன பிறகு, வெளியிலிருந்து புலியைக் கொண்டுவரலாமா என்ற கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வது நமக்குப் பழக்கம்தான். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை தாங்கும். வெளியே பெண்ணெடுக்க வழியே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அதுவே நடந்தால், குறை தருகிற மரபணுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்துகொள்ளும். ஃபுளோரிடாவின் பாந்தர் என்னும் மலைச்சிங்கத்துக்கு இது நடந்தது. 20, 30 என்று சுருங்கியபோது வால் முறுக்கிக்கொண்டது, ஆண்களின் விதை இறங்கவில்லை, இதயத்தில் கோளாறு. 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு கூட்டம் நூறைத் தாண்டி மீண்டது.

ஒடிசாவின் சிமிலிபாலில் வரிகள் தடித்து ஒன்றோடொன்று கலந்த கரும்புலிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தது: ஒரே ஒரு மரபணுவில் ஒரு மாற்றம். வேறு காடுகளில் காணக் கிடைக்காத அந்த மாற்றம் அங்கே இத்தனை புலிகளில் இருக்கிறது என்றால், அந்தக் கூட்டம் சின்னது, தனித்துப் போய்விட்டது என்று அர்த்தம். பார்க்க அழகு, செய்தி கவலை. 2024 கடைசியில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளை அங்கே கொண்டுபோனார்கள். ஜீனத் எல்லை தாண்டி மேற்கு வங்கம் வரை நடந்துவிட்டது. மயக்க ஊசி போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. மரபணு பொருந்துவதை ஆய்வகம் சொல்லும். புது இடத்தில் புலி தங்குமா என்பதைப் புலிதான் சொல்லும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. எல்லை தெரியாமல் கலப்பது தவறு என்றால், எல்லையைப் பிடித்துக்கொண்டு காலம் கடத்துவதும் தவறு. சுமத்ராக் காண்டாமிருகம் நம் தீபகற்பத்தில் வாழ்ந்தது. சிலாங்கூரின் சுங்கை டூசூன் மையத்தில் எஞ்சியிருந்த ஐந்தும் 2003-ல் அடுத்தடுத்து இறந்தன. சபாவில் கடைசி ஆண் தாம் 2019 மே மாதம், கடைசிப் பெண் இமான் நவம்பரில். 2021-ல் வந்த மரபணுத்தொகுதி ஆய்வு, சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருந்தவற்றில் நெருங்கிய உறவுச் சேர்க்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றது. தீபகற்பத்தில் அழிந்த கூட்டத்திலோ அது அதிகம். நாம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவற்றுக்குள் அது நடந்துகொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லை, கேட்கும் கருவியும் அப்போது கையில் இல்லை.

இப்போது கருவி இருக்கிறது, ஆள்களும் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் காட்டுயிர்த் துறைக்குத் தடய அறிவியல் ஆய்வகம் உண்டு. 2016-ல் எறும்புத்தின்னியின் மரபணுத்தொகுதியை வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஆய்வு. இங்கே பினாங்கில், பத்து மாவுங் என்னும் இடத்தில் இருக்கும் வேர்ல்ட்ஃபிஷ் என்ற மீன்வள ஆய்வு நிறுவனம், 1988-ல் பிலிப்பீன்ஸில் தொடங்கிய கிஃப்ட் திலாப்பியாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவருகிறது. (மரபணு மாற்றிய மீன் என்று பலர் பயப்படுகிறார்கள். அது அப்படியல்ல, நல்ல ஆட்டை நிறுத்தி இனம் பெருக்குவது போன்ற தேர்வுதான்.) அந்த வளர்ப்பு மீனுக்கு இன்ன தாய், இன்ன தந்தை என்று ஏடு இருக்கிறது, உறவுக்குள் ஜோடி சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீனுக்கு வைத்திருக்கும் ஏட்டை நம் காட்டுப் புலிக்கு ஏன் வைக்கக் கூடாது?

பேலும், தாமான் நெகாரா, எண்டாவ் ரொம்பின் என்று மூன்று பெருங்காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் இன்னும் கலக்கின்றனவா, நெடுஞ்சாலைகளும் செம்பனைத் தோட்டங்களும் அவற்றைத் துண்டாடிவிட்டனவா? முதலில் தெரிய வேண்டியது இது. கலக்கவில்லை என்றால், வெளிநாட்டுப் புலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பேலும் புலிக்கு எண்டாவில் வரன் பார்க்கலாம். இதற்குப் புலியைப் பிடிக்க வேண்டாம், எச்சம் போதும். ஆனால் மழைக்காட்டில் எச்சம் நிலைக்காது. மழை கரைக்கும், சாணவண்டு உருட்டிப் போகும், டிஎன்ஏ சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்துவிடும். யார் காட்டுக்குள் தினமும் நடக்கிறாரோ அவருக்குத்தான் புதிதாகக் கிடைக்கும். கண்ணிவலைகளைத் தேடி அகற்ற முன்னாள் படைவீரர்களையும் ஒராங் அஸ்லி மக்களையும் காவலர்களாகச் சேர்த்து, அரசு ஏற்கெனவே காட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவர்கள் முதுகுப்பையில் சோற்றுப் பொட்டலத்தோடு பத்துச் சாராயக் குப்பிகளும் எழுத ஒரு பேனாவும் போக வேண்டும்.